‘அதெல்லாம் கேட்கக் கூடாதும்மா’ என்றார் ஃபாதர்

தென்கோடிக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கங்கள் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடியவற்றை எல்லாம் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் வளைகுடா நாடொன்றில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். வாசகி ஒன்பது ஆண்டுகளாக ஊர்ப் பங்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வந்தவர். பதினோரு மாதங்களுக்கு முன் ஏழாம் மாதத்திலேயே அறுவை சிகிச்சை செய்து முதல் குழந்தையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆண் குழந்தை. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் மூன்று நாள் இருந்து இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பங்குத்தந்தை தியானத்துக்குப் போயிருந்ததால் உபதேசியார் ஒரு செபம் சொல்ல, கல்லறைத் தோட்டத்தின் மதிலோர மூலையில் அடக்கம் செய்தார்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகளுக்கு அந்த மூலைதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்களாம். “யாராவது ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா பிள்ள மோட்சத்துக்குப் போயிருக்கும்” என்று மாமியார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து வகுப்பில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, “மிஸ், ஞானஸ்நானம் வாங்காத பாப்பா செத்துப்போனா எங்க போகும்?” என்று கேட்டிருக்கிறாள். “தெரியலம்மா, ஃபாதர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வாசகி அங்கேயே அழுதுவிட்டார். பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்டார். “அதெல்லாம் கேட்கக் கூடாதும்மா, செபமாலை சொல்லுங்க” என்று பதில். மறுவாரம் மூன்று கேள்விகளாகக் கேட்டார்: என் பிள்ளை எங்கே இருக்கிறான்? அவனை ஏன் மூலையில் புதைத்தீர்கள்? கடவுள் ஏன் எடுத்துக்கொண்டார்? ஃபாதருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், கேள்வி கேட்ட செக்கரியா ஊமையான கதையைச் சொன்னார். அதற்கடுத்த வாரம், பிள்ளைகள் மனதில் சந்தேகம் விதைக்க வேண்டாம், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்.

இதற்கிடையே விடுமுறையில் வந்த கணவர், கோயில் கட்ட வாங்கிய வரிக்குக் கணக்கு எங்கே என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறார். தம்பி வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறார். அக்கா, தான் போகும் சபைக்குக் கூப்பிடுகிறார். அங்கே பாஸ்டர் கேட்டவுடன் பதில் சொல்வாராம். சாமியாரைப் பகைத்தால் நாளை நாத்தனார் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டார் என்று மாமியாருக்குப் பயம். கடைசிப் பக்கத்தில் வாசகி கேட்கிறார்: “கேள்வி கேட்டது என் தப்பா? என் விசுவாசம் போய்விட்டதா? பதில் சொல்ல ஃபாதர் கடமைப்பட்டவரா, இல்லையா? ஒரு வரியில் சொல்லுங்கள்.”

அன்புச் சகோதரிக்கு,

ஒரு வரியில் சொல்கிறேன்: தப்பில்லை, போகவில்லை, கடமைப்பட்டவர்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் உங்கள் எட்டுப் பக்கத்துக்கு நியாயம் செய்தவள் ஆகமாட்டேன். நான் உளவியல் ஆலோசகர். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் எடுத்ததால் திருச்சபைச் சட்டப் புத்தகத்தோடும் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. இரண்டையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், ஆறாவது பக்கத்தில் மற்ற வரிகளுக்கு நடுவே நீங்கள் ஒளித்து எழுதியிருக்கும் வரி. ‘சில ராத்திரி அவன்கூடவே போய்விட்டால் என்ன என்று தோன்றும்.’ இதை நான் படித்துவிட்டுக் கடந்து போக முடியாது. 14416 என்பது ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணம் வரும் ராத்திரியில் காலை வரை காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், மாமியாரையோ அக்காவையோ எழுப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்திலேயே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ படிவம் இருக்கிறது, தமிழிலும் உண்டு. பிள்ளையை இழந்த தாய்க்கும் அந்தச் சோர்வு வரும். கைக்குழந்தை இல்லாததால் வீட்டில் யாருக்கும் அது பிரசவித்த உடம்பு என்று ஞாபகமே இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். விசுவாசக் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதி, தூக்கமில்லாமையும் மனச்சோர்வும் என்று நினைக்கிறேன். செபத்தில் மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். சோற்றிலும்தான் ஒட்டவில்லை என்று இரண்டு பக்கம் தள்ளி எழுதியிருக்கிறீர்களே.

தண்ணீர் ஊற்றாதது உங்கள் குற்றமா

‘ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் தரலாம் என்று ஒன்பது வருஷம் நானே பாடம் எடுத்தேன். என் பிள்ளைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அதுதான்.

நீங்கள் பாடம் எடுத்தது சரியானதுதான், மழுப்ப மாட்டேன். அவசர நேரத்தில் சரியான நோக்கம் உள்ள யாரும், ஒரு நர்ஸ் கூட, ஞானஸ்நானம் தரலாம் என்று திருச்சபைச் சட்டம் 861 சொல்கிறது. ஆனால் அந்த மூன்று நாளை நீங்கள் எழுதியபடியே திரும்பப் படித்துப் பாருங்கள். நீங்கள் வேறு மாடியில், வயிற்றில் தையலோடு. பிள்ளையை ஒரே ஒரு முறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தீர்கள். ‘தேறிடுவான்’ என்று சொன்னார்கள். தேறிவிடுவான் என்று நம்பிய தாய்க்கு சாவுக்கான சடங்கு ஞாபகம் வரவில்லை என்றால், அவள் மறந்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் அவன் பிழைப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் தரலாம் என்பது உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருந்தது, கணவருக்கும் தெரிந்திருந்தது. அவர்களுக்கும் ஞாபகம் வரவில்லை. மாமியார் இன்றும் ‘ஒரு சொட்டுத் தண்ணி’ என்று சொல்வது உங்களைக் குத்துவதற்கு என்றே நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த அம்மா தன்னைத்தான் குத்திக்கொள்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை இருந்த அறை வாசலில் மூன்று நாளும் உட்கார்ந்திருந்தது அவர்தானே.

ஃபாதர் பேசாமல் இருந்தது திருச்சபையின் பதிலா

இங்கேதான் உங்களுக்கு ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. ஃபாதர் பதில் சொல்லவில்லை, ஆகவே பதில் கெட்டதாகத்தான் இருக்கும், என் முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் மறைக்கிறார் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். பதில் சொல்லாத பெரியவர்கள் செய்யும் கெடுதியே இதுதான். காலியாக விட்ட இடத்தில் கேட்டவரின் பயம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உண்மையில் உங்கள் முதல் கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல. 1,600 ஆண்டு பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன், ஞானஸ்நானமில்லாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மிதமானது என்று எழுதினார். இடைக்கால இறையியலாளர்களுக்கு அது மனம் ஒப்பவில்லை. துன்பமும் இல்லாத, கடவுளை நேரில் காணும் பேரின்பமும் இல்லாத ஓர் இடம் என்று ‘லிம்போ’வைச் சொன்னார்கள். பிறகு பல நூற்றாண்டுகள் ஞானோபதேசப் புத்தகங்களில் அது பாடமாகவே இருந்தது. உங்கள் மாமியாரின் பாட்டி படித்தது அதுவாக இருக்கும். ஆனால் அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை.

1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1261-ம் எண்ணைப் பாருங்கள். லிம்போ என்ற சொல்லே அங்கு இல்லை. இந்தக் குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற இயேசுவின் கனிவு அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என்று நம்ப இடம் தருகிறது என்று இருக்கிறது. 2007 ஏப்ரலில், வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு இந்த ஒரே கேள்விக்காக ஒரு தனி ஆவணமே வெளியிட்டது. வெளியிட ஒப்புதல் தந்தவர் திருத்தந்தை 16-ம் பெனடிக்ட். நிச்சயமாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் இருக்கின்றன என்று சொல்கிறது.

‘தெரியாது, ஆனால் நம்பலாம்.’ ஒரு பேராசிரியர் குழு கூடிப் பேசி முடித்த இடமும், நீங்கள் அந்தச் சிறுமியிடம் ‘தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்’ என்று நின்ற இடமும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள்.

அப்புறம் அந்த மதிலோர மூலை. ஊர்ப் பெரியவர்கள் கதை கட்டவில்லை. 1917-ம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பில் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றே இருந்தது. ஆனால் 1983-ல் வந்த புதிய தொகுப்பு அதை மாற்றிவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைக்குத் திருச்சபை முறைப்படி அடக்கச் சடங்கு நடத்த ஆயர் அனுமதி தரலாம் என்று சட்டம் 1183 சொல்கிறது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே 1970-ன் திருப்பலி நூலில் தனிச் செபங்கள் சேர்க்கப்பட்டன. உங்கள் ஊர் இன்னும் பாட்டி காலத்துச் சட்டத்தில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியவர் ஃபாதர்தான். திருத்தாமல் விட்டது அவருடைய குறை, இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கேள்விகள் மூன்று, கடமையும் மூன்று விதம்

நீங்கள் மூன்றையும் ஒரே மூச்சில், பூசை முடிந்து இருபது பேர் நிற்கும் இடத்தில், அடுத்த கிளைக் கிராமத்துப் பூசைக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தவரிடம் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது தப்பு என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்த இடத்தில் எந்த மனிதரிடமிருந்தும் நல்ல பதில் வந்திருக்காது. அதோடு, மூன்றும் ஒரே மாதிரிக் கேள்விகள் இல்லை.

பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது போதனை சம்பந்தப்பட்டது. அதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. அதைச் சொல்வது குருவின் வேலை. கடவுளின் வார்த்தை முழுமையாக மக்களைச் சேரும்படி பார்த்துக்கொள்வது பங்குத்தந்தையின் கடமை என்று சட்டம் 528 சொல்கிறது. தங்கள் தேவைகளை, குறிப்பாக ஆன்மிகத் தேவைகளை, மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமையை 212-ம் சட்டம் விசுவாசிகளுக்கு வெளிப்படையாகவே தருகிறது. உங்கள் நம்பிக்கை பற்றி விளக்கம் கேட்பவருக்கு விடையளிக்க எப்போதும் தயாராக இருங்கள், பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று பேதுருவின் முதல் திருமுகமும் சொல்கிறது. அங்கே பணிவு, பதில் சொல்பவருக்குச் சொல்லப்பட்டது. நம் ஊரில் அதைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டோம்.

மூலையில் ஏன் புதைத்தீர்கள் என்பதும், உங்கள் கணவர் கேட்ட வரிக்கணக்கும் நிர்வாகம் சம்பந்தப்பட்டவை. இவற்றில் விசுவாசத்துக்கு வேலையே இல்லை. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287-ம் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537. கணக்குக் கேட்டவரைப் பார்த்து ‘விசுவாசம் இல்லாதவன்’ என்று ஒருவர் சொன்னால், பேச்சை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒரு யோசனை. பிள்ளை விஷயத்தையும் கணக்கு விஷயத்தையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். கலந்தால், பிள்ளையின் பெயரால் பழைய பகையைத் தீர்க்கிறார்கள் என்று ஊர் பேசும். கணக்கைக் கணவர் நிதிக்குழுவிடம் தனியாக, எழுத்தில் கேட்கட்டும்.

கடவுள் ஏன் எடுத்துக்கொண்டார்? இதற்கு எந்தக் குருவிடமும் பதில் கிடையாது. இருப்பதாகச் சொல்பவரைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் கதையை வகுப்பில் எடுத்திருப்பீர்கள். நண்பர்கள் மூன்று பேரும் ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும்தான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது விளக்கம் சொன்னவர்களை. கடவுளையே குறுக்கு விசாரணை செய்த யோபு சரியாகப் பேசினார் என்கிறார். ஆகவே இந்தக் கேள்விக்கு ஃபாதர் உங்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு நாற்காலியும் அரை மணி நேரமும். இதுவும் நான் கருணையாகக் கேட்பதில்லை. குடும்பங்களைப் போய்ப் பார்க்க வேண்டும், அவர்களுடைய கவலைகளில், முக்கியமாகத் துக்கங்களில், பங்குகொள்ள வேண்டும் என்று 529-ம் சட்டம் பங்குத்தந்தைக்குச் சொல்கிறது. பதினோரு மாதத்தில் அவர் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். குருமடத்தில் பல ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் படித்தவருக்கு உங்கள் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இருந்திருக்காது. அழுகிற தாயின் முகத்துக்கு எதிரே அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ‘நம்பலாம்’ என்று மட்டும் சொன்னால் போதாதோ, ‘மோட்சத்தில்தான் இருக்கிறான்’ என்று சொன்னால் போதனையை மீறியதாகுமோ என்று தயங்கியிருக்கலாம். தயக்கம் நம் ஆண்களிடம் சீக்கிரமே கோபமாக மாறிவிடும். குருக்களும் ஆண்கள்தானே. இதைச் சொல்வது அவரை விடுவிக்க இல்லை. அடுத்த முறை நீங்கள் எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்காக.

செக்கரியா பிரசங்கத்துக்கு வருகிறேன். லூக்கா முதல் அதிகாரத்தில் செக்கரியா வானதூதரிடம் கேள்வி கேட்டார், பேச்சை இழந்தார். சரி. அதே அதிகாரத்தில், கொஞ்சம் கீழே, அதே வானதூதரிடம் மாதாவும் கேட்கிறார்: இது எப்படி நிகழும்? அவருக்கு விளக்கமாகவே பதில் கிடைக்கிறது. பிரசங்கத்தில் பாதி அதிகாரம்தான் வந்திருக்கிறது. இன்னொன்று, அதில் ஊமையாக்கப்பட்ட செக்கரியா ஒரு குரு. இதை நான் ஃபாதரிடம் சொல்லச் சொல்லவில்லை, நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

விசுவாசம் போய்விட்டதா என்ற கேள்விக்கு நம் ஊர் அப்போஸ்தலரைத்தான் காட்டுவேன். பரங்கிமலையும் சாந்தோமும் தோமாவின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் நிற்கின்றன. உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வரியை யாரும் கவனிப்பதில்லை. எட்டு நாள் கழித்தும் தோமா மற்றச் சீடர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருக்கிறார். நம்பிய பத்துப் பேரும் நம்பாத ஒருவரை ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடவில்லை.

கொல்கத்தா அன்னை தெரசா எழுதிய கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் கடவுள் இருப்பதையே உணர முடியாத இருளில் இருந்திருக்கிறார். அவர் அதை மறைத்து வைக்காமல் தன் ஆன்ம குருக்களிடம் எழுதினார். அவர்களில் ஒருவரான ஜோசப் நாய்னர் என்ற இயேசு சபைக் குருவின் உதவிக்குப் பிறகு, இந்தப் பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக இருளை நேசிக்க ஆரம்பித்திருக்கிறேன் என்று அன்னை எழுதினார். இருள் போகவில்லை, கவனியுங்கள். ‘இது உன் பாவத்தால் வந்ததில்லை’ என்று சொல்ல ஒருவர் கிடைத்தார். உங்களுக்கும் வேண்டியது அப்படி ஒருவர் என்று நினைக்கிறேன். அது உங்கள் பங்குத்தந்தையாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி என்ன செய்யலாம்

வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். மறைக்கல்வி ஆசிரியர் வேலை சம்பளமில்லாத பங்குப் பணி, யாரை வைத்துக்கொள்வது என்பது பங்குத்தந்தை கையில் இருக்கிறது. சமய விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் சுதந்திரத்தை அரசமைப்புச் சட்டம் 26-வது பிரிவில் சமயப் பிரிவுகளுக்குத் தந்திருக்கிறது. நீதிமன்றம் இதில் கைவைக்காது. நோட்டீஸ் போனால் ஊர் இரண்டாகும், பிள்ளையின் பேச்சு காணாமல் போகும்.

மாமியாரின் ஓலை பயத்துக்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. முறையாகக் கேட்டு, தகுந்த தயாரிப்போடு வருபவருக்கு, சட்டத்தடை இல்லாதபோது, திருமணம் போன்ற அருட்சாதனங்களை மறுக்கக் குருவுக்கு அதிகாரம் இல்லை என்று சட்டம் 843 சொல்கிறது. அண்ணி கேள்வி கேட்டாள் என்பதற்காக நாத்தனாரின் திருமணத்தை நிறுத்த முடியாது. தாமதப்படுத்தி அலையவிட முடியும், அதை மறைக்கமாட்டேன். அப்படி நடந்தால் மறைவட்ட முதன்மைக் குருவிடமும் ஆயர் இல்லத்திலும் சொல்லலாம்.

அக்காவின் சபைக்குப் போவது உங்கள் உரிமை. விரும்பிய நம்பிக்கையைப் பின்பற்ற 25-வது பிரிவு இடம் தருகிறது. நான் போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒன்று இருக்கிறது. உங்களைப் பார்க்காமலே அந்தப் பாஸ்டர் அக்காவிடம், ‘குடும்பத்தில் முன்னோர் சாபம் இருக்கிறது, அதனால்தான்’ என்று சொன்னாராம். உடனே வரும் பதில் எல்லாம் நல்ல பதில் ஆகிவிடாது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரம். எங்கே போனாலும் ஒன்றைப் பாருங்கள்: அங்கிருக்கும் பெரியவர் வாயிலிருந்து எப்போதாவது ‘எனக்குத் தெரியாது’ என்று வருகிறதா? வரவே வராத இடம் என்றால், உங்கள் இப்போதைய நிலையில் அங்கே போக வேண்டாம் என்பேன்.

ஃபாதரிடம் இன்னொரு முறை போகலாம். இந்த முறை எழுதிக் கொடுங்கள். மூன்று கேள்வியும் வேண்டாம், ஒரே ஒரு விண்ணப்பம் போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘ஃபாதர், என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தோம், அதற்குள் இறந்துவிட்டான். சட்டம் 1183-ன்படி இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகச் செபிக்க இடமிருப்பதாக அறிகிறேன். அவன் பெயரைச் சொல்லி ஒரு திருப்பலியும், அவன் கல்லறையை மந்திரித்து ஒரு செபமும் கேட்கிறேன். அரை மணி நேரம் உங்களோடு பேசவும் விரும்புகிறேன். எந்த நாள் வசதிப்படும் என்று சொல்லுங்கள்.’

ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், தேதி போடுங்கள். தனியாகப் போக வேண்டாம், மாமியாரை அழைத்துக்கொண்டு போங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். அவருக்கும் அந்தச் செபம் வேண்டும். மூன்று வாரம் பார்த்துவிட்டு அசைவு இல்லையென்றால் அதே கடிதத்தோடு வேறொரு குருவிடமோ, நீங்கள் படித்த பள்ளியின் கன்னியாஸ்திரிகளிடமோ, மறைமாவட்டத்தின் மறைக்கல்விப் பணிக்குழுவிடமோ போகலாம். உங்கள் மகனுக்காகத் திருப்பலி வைக்க எந்தக் குருவும் போதும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு எல்லாக் கல்லறைக்கும் மெழுகுவத்தி ஏற்றும்போது அந்த மூலையிலும் ஏற்றுங்கள். அங்கே உங்கள் பிள்ளை மட்டும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஊரில் இருப்பார்கள், சிலருக்கு இப்போது எழுபது வயது ஆகியிருக்கும். ஃபாதரிடம் பேச முடியாததை அவர்களிடம் பேசிப் பார்த்தீர்களா?

அவனுக்குப் பெயர் வைத்திருந்தோம், யாரும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அச்சிட முடியாது என்பதால் விட்டிருக்கிறேன். படிக்கும்போது நான் அந்தப் பெயரைச் சொல்லித்தான் படித்தேன். வீட்டில் நீங்கள் சொல்ல ஆரம்பியுங்கள். கணவர் தொலைபேசியில் கூப்பிடும்போது சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் வலி இருக்கும். நாளையே ஃபாதர் வீட்டுக்கு வந்து, கைகூப்பி, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாலும் இருக்கும். பதில் கிடைத்தால் வலி போய்விடும் என்று நீங்கள் ஏதோ ஓர் இடத்தில் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையோடு அவரிடம் போனால் மறுபடியும் ஏமாந்துதான் திரும்புவீர்கள்.

கடைசியாக, அந்தப் பத்து வயதுச் சிறுமி. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். மிஸ் அழுதாங்க, அப்புறம் வகுப்புக்கு வரவே இல்லை என்பதுதான் இன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. கேட்கக் கூடாத ஒன்றைத் தான் கேட்டுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். வகுப்பு இல்லாவிட்டால் என்ன, தெருவில் பார்ப்பீர்கள், கடையில் பார்ப்பீர்கள். அவள் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். “நீ கேட்டது நல்ல கேள்விம்மா. நான் கேட்டுப் பார்த்தேன். நிச்சயமா யாருக்கும் தெரியலையாம். ஆனா அந்தப் பாப்பா கடவுள்கிட்டதான் இருக்கும்னு நம்பலாமாம். நான் நம்புறேன்.” கடைசி இரண்டு வார்த்தையை இன்றைக்குச் சொல்ல முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மற்றதைச் சொல்லுங்கள்.